டீன் அறைப் பலகை

அரசு மருத்துவக் கல்லூரிகளில் டீன் அறைக்குள் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். சுவரில் ஒரு பலகை தொங்கும். இதுவரை டீனாக இருந்தவர்களின் பெயரும் பதவிக்காலமும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டதால் பலகையைப் பார்த்து யார் எவர் என்று தெரியாது. அந்தக் கல்லூரியில் முப்பது வருடம் வேலை பார்த்த நம்மாள் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக் கேளுங்கள். விரல் வைத்துச் சொல்வார். அவர் விரல் நம் பெயரில் நிற்பது அபூர்வம்.

ஏன் என்று கேட்டால் ஒரு தயார் பதில் உண்டு: "நீங்கள் இப்போதுதானே படிக்க வந்தீர்கள், காலம் ஆகும்." காலம் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தை நீட்டியது யார், எந்த இடத்தில் நீட்டினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவம், செவிலியம் படிக்கிற தம்பி தங்கைகள் பலருக்கு அது தெரியவில்லை.

முதலில் பாதையைப் பாருங்கள். எம்பிபிஎஸ் முடித்தால் மருத்துவர். முதுநிலைப் பட்டம் இல்லாமல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக முடியாது, பேராசிரியராகாமல் டீனாக முடியாது. பொது சுகாதாரத் துறைப் பக்கம் போனாலும் அதே கதைதான். ஊருக்குக் கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்று உத்தரவு போடும் இடத்துக்குப் போக, பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு வேண்டும். அந்த மேற்படிப்புக்கென்றே 1932-ல் கல்கத்தாவில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில், அகில இந்திய சுகாதார நிறுவனம் தொடங்கப்பட்டது. மருத்துவமனை நிர்வாகத்துக்கும் தனியாக முதுநிலைப் படிப்பு இருக்கிறது, எய்ம்ஸிலேயே இருக்கிறது. ஆக, வார்டில் நின்று ஊசி போடுகிறவர் யார் என்பது முதல் படிப்பில் முடிவாகிறது. எந்த வார்டுக்கு எத்தனை படுக்கை, துப்புரவுப் பணியைக் காண்ட்ராக்டுக்கு விடலாமா, விட்டால் அந்தத் தொழிலாளிக்குக் கையுறை யார் தருவது என்று கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பது இரண்டாம் படிப்பில் முடிவாகிறது.

இதை முன்கூட்டியே பார்த்தவர் அம்பேத்கர். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான 1942-லேயே அரசுக்கு ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். பட்டியல் சாதியினருக்குக் கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் போதாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. எழுத்தர் வேலைகளை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரம் செலுத்தும் பதவிகளில் நம் ஆட்கள் உட்கார வேண்டும், அதற்கு உயர்படிப்பு வேண்டும் என்பதே அவர் கணக்கு. 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்று நீங்கள் 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று விண்ணப்பிக்கிறீர்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து 1951. இடஒதுக்கீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வந்த முதல் பெரிய வழக்கு நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வந்தது. அப்போது மாகாணத்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகள், 330 இடங்கள். வகுப்புவாரி அரசாணைப்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'அரிஜனங்களுக்கு' 2, ஆங்கிலோ-இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பதும் அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது! பெரியார் தெருவுக்கு வந்தார், மாகாணம் கொதித்தது, அதே ஆண்டு ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) பிறந்தது. இந்தக் கதை நமக்கு நன்றாகவே தெரியும். மேடை மேடையாகச் சொல்லிவிட்டோம். அதனால் ஒரு தவறும் செய்துவிட்டோம். முதல் கதவு திறந்ததையே கொண்டாடிக்கொண்டு இருந்தோம், இரண்டாம் கதவு சாத்தப்பட்டதைக் கவனிக்கவில்லை.

அது எப்படிச் சாத்தப்பட்டது? 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், முதுநிலை மருத்துவ இடங்களில் ஒரு பகுதியை அகில இந்திய அளவில் தேர்வு வைத்து நிரப்பச் சொன்னது. மாநிலங்களிடமிருந்து முதலில் 25 சதவீத இடங்கள் போயின, பின்னர் அது 50 சதவீதமானது. மாநிலத்தில் நமக்கு ஒதுக்கீடு உண்டு. டெல்லிக்குப் போன அந்த இடங்களில் பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீடு கிடையாது. 2007 வரை இதே நிலைதான். அதாவது மாநிலம் கட்டிய கல்லூரி, மாநிலம் சம்பளம் தரும் பேராசிரியர், ஆனால் அந்த இடம் 'அகில இந்திய' இடம் ஆனவுடன் நம் பங்கு ஆவியாகிவிடும். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு அதே ஒதுக்கீடு வர 2021 ஆனது.

இந்த வரலாற்றில் முக்கியமான ஆண்டு 1999 என்பேன். ப்ரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கு. உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் முதுநிலை நுழைவுத் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கு 20 சதவீதம் என்று குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருந்தன. ஒதுக்கிய இடங்கள் நிரம்பாமல் பொதுப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்ததுதான் இப்படிக் குறைத்ததற்குக் காரணம். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்த இடைவெளி மிக அதிகம், முதுநிலைக் கல்வியின் தரம் கெடும் என்றது. உள்ளே வந்தபின் எல்லாரும் ஒரே பாடம் படித்து ஒரே தேர்வு எழுதித்தானே வெளியே போகிறார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. ஐந்து பேரில் நீதிபதி மஜ்முதார் மட்டும் ஓரளவு மாறுபட்டு எழுதினார். உயர் சிறப்புப் படிப்புகளில், அதாவது டிஎம், எம்சிஹெச் இடங்களில், ஒதுக்கீடே கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. பிறகு மருத்துவக் கவுன்சில் நாடு முழுவதற்கும் பொதுப் பிரிவுக்கு 50, நமக்கு 40 என்று கோடு போட்டது.

தீர்ப்பில் இருக்கும் நியாயத்தை உற்றுப் பாருங்கள். மேலே போகப் போகத் தகுதி மட்டும்தான் பேச வேண்டுமாம். மேலே போகப் போகத்தானே அதிகாரமும் இருக்கிறது? அம்பேத்கர் எந்தப் பதவிகளைக் குறிவைத்துப் படிக்கச் சொன்னாரோ, சரியாக அந்த வாசலில்தான் ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது. 2013-ல் எய்ம்ஸ் ஆசிரியர் சங்க வழக்கிலும் இதே தர்க்கம் வந்தது. உயர் சிறப்புத் துறைகளின் ஆசிரியர் பணியிடங்களில் ஒதுக்கீடு கூடாது என்ற இந்திரா சஹானி தீர்ப்பின் கருத்தை விட்டு விலக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்கப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு போட்டு, 2007-ல் அறிக்கையும் வந்திருந்தது. குறிப்பிட்ட விடுதிகளின் மேல்மாடிகளில் நம் பிள்ளைகள் ஒதுங்கிக் கிடந்ததையும், ஆசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்காததையும், செய்முறைத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் நடந்ததையும் அது எழுதியது. படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

தமிழ்நாடு இன்னொரு வழி வைத்திருந்தது. அதை நாம் சரியாகப் பாராட்டியதே இல்லை. முதுநிலைப் பட்ட இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு என்று வைத்தார்கள். இதன் பொருள் குடிசையிலிருந்து வந்த பிள்ளைக்குத்தான் புரியும். எம்பிபிஎஸ் முடித்த கையோடு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போக அவனால் முடியாது. தங்கச்சி கல்யாணம் இருக்கும், கடன் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்வான். சம்பளம் வீட்டுக்குப் போகும், சில வருடம் கழித்து அந்த ஒதுக்கீட்டில் முதுநிலை படிப்பான், படித்துவிட்டு அரசுப் பணிக்கே திரும்புவான். அவனுக்கு நிர்வாகம் என்பது புத்தகப் பாடமாக மட்டும் இருக்காது. மருந்து இல்லாத சுகாதார நிலையத்தில் இரவு பிரசவம் பார்த்தவன் அவன்.

2016-ல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு, மருத்துவக் கவுன்சிலின் விதிகளைக் காட்டி, இப்படி இடம் ஒதுக்கக் கூடாது, ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்றது. 2017-ல் தமிழ்நாட்டின் 50 சதவீதம் போனது. அரசு மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் இருப்பவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நடுவில் போன மூன்று ஆண்டுகளில் யார் யார் இடம் இழந்தார்கள் என்பதை எந்தத் தீர்ப்பும் கணக்கெடுக்கவில்லை.

எம்பிபிஎஸ் படித்தவர்கள் மட்டுமே இந்தக் கதையில் இல்லை. செவிலியர், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் எனப் பலரும் மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம் படிக்கப் போகும் இடங்களில் ஒன்று மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம். 2018 பிப்ரவரியில் அங்கே மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து உட்கார்ந்தார்கள். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறும் மாணவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை நிறுவனம் நிறுத்தியதுதான் காரணம். மும்பையோடு துல்ஜாபூர், குவாஹாட்டி, ஹைதராபாத் வளாகங்களும் சேர்ந்துகொண்டன. நுழைவுத் தேர்வில் தடுக்க முடியாதவர்களை விடுதிக் கட்டணத்தில் தடுக்கலாம் என்பது அப்போது தெரிந்தது. 1944-ல் வந்த உதவித்தொகை பேருக்கு இருந்தால் போதாது, கட்டணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன்னால் கைக்கு வர வேண்டும்.

கடைசியாக 2023. முதுநிலை நீட் எழுதியவர்களில் போதிய பேர் தகுதி பெற்றும் இடங்கள் காலியாகக் கிடந்தன. செப்டம்பரில் ஒன்றிய அரசு தகுதி அளவை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கியது. தேர்வில் கடைசி இடம் பிடித்தவரும் கலந்தாய்வுக்கு வரலாம் என்று அர்த்தம். பெர்சன்டைலும் சதவீதமும் ஒன்றல்ல என்று யாராவது திருத்த வருவார்கள். சரி, கடைசி ஆள் எடுத்த மதிப்பெண் எத்தனை சதவீதம் என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும். அப்போது தொலைக்காட்சி விவாதங்களில் 'தரம்' என்ற சொல்லை இடஒதுக்கீட்டு விவாதங்களில் கேட்கிற அளவுக்கு நான் கேட்கவில்லை.

நமக்கு 20 சதவீதம் வைத்தால் தரம் கெடும் என்ற 1999 தீர்ப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. டிஎம், எம்சிஹெச் இடங்களில் பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் ஒதுக்கீடு இன்றும் இல்லை.