சர்ப்பகந்தி வேரும் இரத்தக் கொதிப்பும்

இரத்தக் கொதிப்புக்கு மருந்து தேடிய வரலாற்றில் தில்லி ஹக்கீம் அஜ்மல்கான் (1868–1927) பெயருக்கும் ஓர் இடமுண்டு என்பதை நம்மவருள் பலர் அறியார். சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சித்தப் பிரமைக்குக் கொடுத்து வந்தனர். ஹக்கீம் சாஹிபின் ஆதரவைப் பெற்ற அறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கி, 1931இல் அவ்வேரினின்று பிரித்தெடுத்த சத்தொன்றுக்கு 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். அதுவோ இதயத் துடிப்பைச் சீராக்குவது; கொதிப்பைத் தணிக்கும் சத்து வேறு. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இவ்வேரைக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் பிரிட்டனின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தில் 'ரெசர்பின்' பிரிக்கப்பட்டது. சிலருக்கு அது கடும் மனச்சோர்வைத் தந்தது. அதனினும் நல்ல மாத்திரைகள் வரவே, பின்தங்கிற்று.

தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் மாத்திரையை நிறுத்திவிட்டு அளவறியா வேர்ப்பொடியை நம்புவோரைக் காண்பதால்தான் இதனை எழுதுகிறோம். வேர் மருந்தே வேண்டுமெனில், தாம்பரம் சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வைத்தியரைக் கேட்கலாமே! உண்ணும் மாத்திரையையும் அவரிடம் மறைக்கலாகாது. கொதிப்பு பெரும்பாலும் வலிப்பதில்லை. பலருக்குப் பக்கவாதம் வந்த பின்னரே தெரிகிறது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பைக் குறைப்பதும் நாள்தோறும் நடப்பதும் மாத்திரைக்குத் துணையாகும், பலருக்கு ஈடாகமாட்டா. நோன்பு மாதத்தில் மாத்திரையை ஸஹரிலா, நோன்பு திறந்த பின்னரா உண்பது என்பதை ரமலானுக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.