கரையானும் காளை மாடும் - ஒரு இன்சூரன்ஸ் வரலாறு

போன மாசம் காலடிப்பேட்டை பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்திரத்தை விரலால தட்டினா மண்ணா கொட்டுது. கரையான்! "இன்சூரன்ஸ் கட்டறோமே, கேளுடா"ன்னாங்க. கேட்டேன். "கரையானுக்கெல்லாம் கிடையாது சார்" என்று ஒரே வரியில் பதில்.

கடுப்பில் பெரியப்பாவோட பீரோவைக் குடைஞ்சப்ப, 2005-ல் அவர் எடுத்த பழைய பாலிசி கிடைச்சது. அதுல மிருகம் இருக்கு மக்களே! ரயிலோ, வண்டியோ, மிருகமோ வீட்டில் நேரடியாக மோதி சேதமானால் பணம் உண்டு. ஆனா அது நம்ம சொந்த வண்டியாவோ சொந்த மாடாவோ இருக்கக் கூடாது. தெரு மாடு முட்டினா காசு, நம்ம மாடு முட்டினா பட்டை நாமம் :-)

மாடு இருக்கு, கரையான் ஏன் இல்லை? கொஞ்சம் பின்னாடி போகணும்.

1717 முதல் 1720 வரை சென்னை கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காக உருவாக்கிய ஊர்தான் காலெட் பேட்டை. நம்ம ஜனங்க வாயில் அது காலடிப்பேட்டை ஆயிடுச்சு. அந்தக் காலத்திலேயே லண்டனில் வீட்டுக்கு இன்சூரன்ஸ் வித்துக்கிட்டு இருந்தாங்க. 1666 பெருந்தீயில் 13,000-க்கும் மேல வீடுகள் எரிஞ்ச பயம்தான் காரணம். நிக்கோலஸ் பார்பன் என்பவர் 1680-களில் ஆரம்பிச்சு வச்சார். 1710-ல் சன் ஃபயர் ஆபீஸ் வந்தது.

ஆக, வீட்டு இன்சூரன்ஸ் பிறந்தது தீயில். அப்புறம் இடி, வெடி, புயல், வெள்ளம்னு ஒவ்வொண்ணா பட்டியலில் சேர்ந்தது. பிரிட்டிஷ் பாலிசிகளில் வண்டியோட சேர்த்து குதிரையும் மாடும் மோதுவதையும் எழுதினாங்க. தெருவில் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் ஓடின காலத்து வாசனை அது.

1972-ல் சட்டம் போட்டு பொது இன்சூரன்ஸை அரசுடைமை ஆக்கினாங்க. 1973-லிருந்து நாலு கம்பெனிகள். அதுல யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம்ம சென்னை. 2001-ல் வந்த அகில இந்திய தீ டாரிஃபிலும் அந்த மிருகம் 'மோதல் சேதம்' என்ற தலைப்பில் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா பாலிசி அந்த வழியில் வந்ததுதான்.

இந்த மாதிரி பாலிசியில் பட்டியலில் இருக்கிற ஆபத்துக்கு மட்டும்தான் பணம். கரையான் பட்டியலிலேயே இல்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் ரூட் வேற. தீ, திருட்டு எல்லாத்தையும் ஒரே பாலிசியில் கட்டிக் கொடுப்பது அங்கே 1950-ல் ஆரம்பம். இன்னிக்கு அங்கே பரவலா இருக்கும் பாலிசி, கட்டடத்துக்கு எல்லாமே உண்டு என்று சொல்லிட்டு, விதிவிலக்கில் எலி, பூச்சி, வீட்டில் வளர்க்கும் பிராணி எல்லாத்தையும் கழட்டி விட்டுடும். சுத்தி சுத்தி ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் வருது: திடீர்னு நடந்தா விபத்து, வருஷக் கணக்கா அரிச்சா பராமரிப்புக் குறை.

நியாயம் மாதிரிதான் தெரியுது. ஆனா உத்திரத்துக்குள்ள கரையான் தின்னுட்டு இருக்கறது அது கொட்டற வரைக்கும் யாருக்குத் தெரியும்? பெரியம்மாவுக்கு அது திடீர்தானே!

1.4.2021 முதல் வீடுகளுக்கு 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற பொதுப் பாலிசி வந்திருக்கு. இதில் 'வெளியிலிருந்து வரும் எந்தப் பொருள் மோதினாலும்' என்று அகலப்படுத்திட்டாங்க. உதாரணமா வண்டி, மரம், விமானம், சுவர் எல்லாம் சொல்லியிருக்காங்க. மிருகத்தைக் காணோம். மாடு ஒரு பொருளா என்று கிளெய்ம் வரும்போதுதான் சண்டை போடணும் போல :-)

எலிக்கும் ஒரு ட்விஸ்ட் இருக்கு. எலி ஒயரைக் கடிச்சதுக்குப் பணம் இல்லை. ஆனா அதனால ஷார்ட் சர்க்யூட் ஆகி வீடு தீப்பிடிச்சா, அது தீ. தீ பட்டியலில் இருக்கு. ஷார்ட் ஆன அந்தக் கருவிக்கு மட்டும் கிடைக்காது, மற்ற சேதத்துக்குக் கேட்கலாம்.

பெரியம்மா சொந்தக் காசில் உத்திரத்தை எடுத்துட்டு இரும்பு கர்டர் போட்டாச்சு. மத்த உத்திரங்களுக்குக் கரையான் மருந்தும் அடிச்சாச்சு.

டிஸ்கி: பழைய வீட்டுக்காரங்க பாலிசியை ஒருதரம் எடுத்துப் படிச்சுடுங்க. படிக்கிறதுக்கு முன்னாடி உத்திரத்தைத் தட்டிப் பாருங்க.