எழுதிக் கொடுத்தல்

2017இல் லண்டனில் சார்லி கார்ட் என்ற பச்சைக் குழந்தையின் சுவாசக் கருவியை நிறுத்த வேண்டுமென்றனர் மருத்துவர்கள், கூடாதென்றனர் பெற்றோர். நீதிமன்றங்கள் மருத்துவர் பக்கம் நின்றன. எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் தகராறு பெரும்பாலும் தலைகீழ். 'இன்னும் வெச்சுப் பாக்கலாம்' என்பவர் மருத்துவர். 'கட்டுபடியாகாதுங்க' என்பவர் தகப்பன். 'எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க' என்பதோடு வழக்கு முடிந்துவிடும். கையெழுத்து பெற்றோருடையது, முடிவு பில்லினுடையது.

உயிர் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இங்கொரு வரலாறுண்டு. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது பெண்சிசுவுக்கு அரசே தகப்பனானது. தொட்டிலால் குழந்தையை வாங்கிக்கொள்ள முடிந்தது. வரதட்சணையை ஒழிக்க முடியவில்லை. 2021இல் நாமக்கல் மாவட்டக் குழந்தையொன்றின் 16 கோடி ரூபாய் ஊசிக்குப் பொதுமக்கள்தான் பணம் கொடுத்தார்கள்; அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது.

2018இல் உச்ச நீதிமன்றம் கண்ணியமான சாவை உரிமையென்றது; ஆனால் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமை வயதுவந்தோருக்கே. குழந்தை பேரில் எப்போதும் இன்னொருவர்தான் பேசுகிறார். 'குழந்தையின் நலன்' என்ற சொல்லாடலை அங்கே நீதிபதி உற்பத்தி செய்கிறார், இங்கே ரசீது. ஆகவே 'புள்ளைய வூட்டுக்கே கொண்டுட்டுப் போறோம் சாமி' என்பவரைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பெழுதுமுன் அந்த ரசீதை வாசிக்கவேண்டும் என்கிறேன் நான்.