மூக்கின் மேல் ஆணி

மூக்கின் நுனியிலும் அதன் இருபுறச் சரிவுகளிலும் கடுகினும் சிறியவையாய்க் கறுத்து நிற்கும் புள்ளிகளுக்குத் தமிழில் கரும்புள்ளி என்று பெயர். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லி அதோடு நின்றுவிடுகிற அடக்கமான பெயர் அது. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழருக்கோ இன்னொரு பெயரும் இளமையிலேயே காதில் விழுந்திருக்கும். மோண்டா மார்க்கெட்டில் பூக்கடைகளைத் தாண்டி உள்ளே போனால், உருதுக்காரர் பன்சாரிக் கடை என்றும் நம்மவர் நாட்டு மருந்துக் கடை என்றும் வழங்குகிற சிறு கடைகளில், சாக்குப் பைகளின் பின்னே அமர்ந்திருக்கும் வியாபாரி வாங்க வந்த பெண்ணின் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, 'கீல்' என்று ஒரே வார்த்தையில் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். கீல் என்றால் ஆணி. நாம் காலில் வருவதை ஆணி என்கிறோம். தக்காணத்து உருது மூக்கில் வருவதை ஆணி என்கிறது. இரண்டு பாஷைகளும் ஒரே பட்டறையில் அடித்த ஆணியைச் சரீரத்தின் இரண்டு கோடிகளில் அறைந்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே தோன்றி வந்திருக்கிறது.

இந்த ஆணியைப் பிடுங்கவும், மறுபடி முளைக்காமல் தடுக்கவும் இந்த ஊரில் எத்தனை விதமான கைகள் முயன்றன என்று பார்ப்பதற்கு, ஊர் உண்டான விதத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1798-ல் நிஜாம் அலிகான் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாய், கம்பெனியின் சேனை ஹுசைன் சாகர் ஏரிக்கு வடக்கே வந்து இறங்கிற்று. 1806-ல் அந்த முகாமுக்கு அப்போதைய நிஜாமாகிய சிகந்தர் ஜாவின் பெயரே சூட்டப்பட்டது. ஆயினும் பழைய நகரத்தார் அதை நெடுங்காலம் லஷ்கர், அதாவது பாளையம் என்றே அழைத்து வந்தார்கள். வந்த சேனை மதராஸ் ராஜதானியின் சேனையாதலால், சிப்பாய்களோடு கூடவே தமிழ் பேசும் கணக்கர்களும், துபாஷிகளும், தானியம் அளக்கும் குத்தகைக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அவ்வழி வந்த சமூகத்தில் தோன்றிய சோமசுந்தரம் முதலியார் 1862-ல் தொடங்கிய கல்விச்சாலைதான், பிற்பாடு 1893 பிப்ரவரியில், அமெரிக்கா செல்லுமுன், விவேகானந்தர் பிரசங்கம் செய்த மகபூப் கல்லூரியாயிற்று. பத்மராவ் நகர் என்னும் பேட்டையும் ஒரு முதலியாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1874-ல் வாடியிலிருந்து ரயில் வந்த பிறகு ரயில்வே உத்தியோகஸ்தர்கள் ஒரு கூட்டம் வந்தது. இப்படி வந்தவர்கள் வெண்கலப் பாத்திரத்தையும் ஊறுகாய் ஜாடியையும் கொண்டு வந்ததுபோலவே, ஸ்நானப் பொடியையும் கொண்டு வந்தார்கள்.

அந்தப் பொடி இன்னதென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயத்தம்பருப்பும் கடலைப்பருப்பும் அடிப்படை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா மொக்கு என்று வீட்டுக்கு வீடு ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் வெயிலில் காய்ந்து மாவு மில்லுக்குப் போய்த் திரும்பும். மிளகாய் அரைத்த கையோடு இதை அரைக்கச் சொல்லக்கூடாது என்பதற்காக, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மில்காரரிடம் முதல் நாளே போய், காலை முதல் ஈடு நம்முடையதாக இருக்கட்டும் என்று சொல்லி வைப்பதுண்டு. வெள்ளிக்கிழமைகளில் பெண்களுக்கும் சனிக்கிழமைகளில் ஆண்களுக்கும் நல்லெண்ணெய் தேய்த்து ஊற வைத்த பிறகே இந்தப் பொடி பிரயோகமாகும். எண்ணெயை எண்ணெயால் இளக்கி, இளகியதை மாவினால் உறிஞ்சி எடுப்பது என்கிற இந்த முறையில், பொடியைத் தேய்ப்பதைக் காட்டிலும் பூசிச் சற்று வைத்திருந்து நீர்விட்டு எடுப்பதே முக்கியம். குழந்தைகளான நாங்களோ மூக்கை மட்டும் நாரினால் தேய்த்துத் தேய்த்துச் சிவக்கவைத்துக்கொண்டு வந்து நின்று வசவு வாங்குவோம்.

ஹுசைன் சாகருக்குத் தெற்கே, பழைய ஹைதராபாத்தில், இதற்கு ஒரு தங்கை இருந்தாள், பெயர் சிக்சா. முஸ்லிம் கல்யாணங்களில், மாஞ்சா என்னும் சடங்கில், மணப்பெண்ணை மஞ்சள் உடையில் அமர்த்திப் பூசுகிற வாசனைப் பொடி அது. தென்னாட்டு முஸ்லிம்களின் வழக்கங்களை விவரித்து ஏலூர் ஜாபர் ஷெரீப் எழுதி, ஹெர்க்லாட்ஸ் என்னும் வைத்தியர் 1832-ல் மொழிபெயர்த்து வெளியிட்ட 'கானூனே இஸ்லாம்' என்னும் நூலிலேயே சிக்சாவைப் பற்றிய பேச்சு வருகிறது. நம்முடைய நலங்கும் அவர்களுடைய மாஞ்சாவும் இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டவைபோல் அத்தனை ஒத்திருக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் பெண்ணின் முகத்தைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்ற கவலைக்கு மத பேதம் இல்லை.

சிக்சா பெண்கள் பகுதியின் வைத்தியமென்றால், ஹக்கீம்களின் யூனானி வைத்தியம் அதே விஷயத்தைச் சாஸ்திரமாகப் பேசிற்று. இப்னு சீனாவின் நூலில், மூக்கிலும் கன்னத்திலும் பால்துளி உறைந்தாற்போல் தோன்றும் வெண்ணிறச் சிறு பருக்களுக்குப் 'பால் பருக்கள்' என்று பொருள்படும் ஓர் அரபுப் பெயர் உண்டு. உள்ளிருந்து ஆவியின் வேகத்தால் தோலை நோக்கித் தள்ளப்பட்ட சத்து அங்கே தங்கிவிடுவதே காரணம், உலர்த்திக் கரைக்கும் மருந்துகளே சிகிச்சை என்பது அம்மரபின் துணிபு. சுச்ருத சம்ஹிதையும் சிறு வியாதிகளைச் சொல்லும் அத்தியாயத்தில் 'முகதூஷிகை' என்ற பெயரால், இளைஞர் முகத்தில் இலவ மரத்து முள்ளைப்போல் எழும்புவதைக் குறிப்பிட்டு, வசம்பு, வெள்ளிலோத்திரப் பட்டை, இந்துப்பு, கடுகு ஆகியவற்றின் பூச்சை விதிக்கிறது. ஒருவர் ஆணி என்றார், ஒருவர் முள் என்றார், ஒருவர் பால் என்றார். கவனிக்க வேண்டியது, இவர்களில் ஒருவரும் அழுக்கு என்று சொல்லவில்லை.

ஐரோப்பியரோ அதைப் புழு என்று நினைத்தார்கள். மூக்கை அழுத்தினால் வெள்ளை உடலும் கறுத்த தலையுமாக வெளியே வருவது, பார்வைக்குப் புழுவைப்போலவே இருப்பது உண்மைதான். உடலைத் தின்று தீர்க்கும் புழு என்ற எண்ணத்தினால் லத்தீனில் 'கொமெடோ', அதாவது தின்பது, என்றும், ஜெர்மன் பாஷையில் 'மிட்டெஸர்', அதாவது கூட உண்பவன், என்றும் பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் வைத்தியர்கள் காமெடோன் என்றே எழுதுகிறார்கள். நுண்பெருக்கிக் கண்ணாடி வந்த பிறகு புழு இல்லையென்று தெளிவாயிற்று. தெளிவான கையோடு, 1842-ல் பெர்லினில் குஸ்தாவ் சைமன் என்ற வைத்தியர், பருவிலிருந்து பிதுக்கியெடுத்த பசையை ஆராய்ந்தபோது, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள ஒரு நிஜமான உண்ணி அதற்குள் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார். அது வயதுவந்தவர்களில் அநேகமாக எல்லார் முகத்திலும் சாதுவாகக் குடியிருப்பது என்பதும், கரும்புள்ளியை அது உண்டாக்குவதில்லை என்பதும் பின்னால் தெரிந்த விஷயங்கள்.

அந்த உண்ணியைப் பற்றி இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதியவர் எராஸ்மஸ் வில்சன். தோல் வைத்தியத்தில் அக்காலத்துப் பெரிய பெயர். இவர் வேறொரு வகையில் நம் கதைக்கு வேண்டியவராகிறார். பேர்ஸ் சோப்பின் விளம்பரங்களில் சிபாரிசுப் பத்திரமாக அச்சேறிக்கொண்டே இருந்தது இவருடைய பெயர்தான். செகந்திராபாத் பெயர் பெற்ற மறு வருஷம், 1807-ல், லண்டனில் விற்பனைக்கு வந்த அந்தக் கண்ணாடிச் சோப்பும் அதன் பங்காளிகளும், தண்டுக்கு வரும் சீமைச் சாமான்களோடு சாமான்களாய் வந்து, முதலில் துரைமார் வீட்டுக்கும், பிறகு துரையின் கீழ் உத்தியோகம் பார்த்தவர் வீட்டுக்கும் போயின. 1899-ல் வந்த பேர்ஸ் விளம்பரம் ஒன்று பிரசித்தமானது: கப்பல் தலைவன் ஒருவன் கை கழுவிக்கொண்டிருக்க, கறுத்த தேசங்களுக்குச் சுத்தத்தைப் போதிப்பது வெள்ளையனின் சுமையை இலேசாக்கும் என்று அதில் கண்டிருந்தது. கறுப்பு என்றால் அழுக்கு என்ற இந்தச் சமன்பாடு, மூக்கின் மேலிருந்த புள்ளியையும் விட்டுவைக்கவில்லை. துளையில் புகுந்த தூசி, தேய்த்தால் போகும், போகாவிட்டால் இன்னும் தேய்க்க வேண்டும் என்ற நம்பிக்கை அந்தச் சோப்புக் காலத்தின் சொத்து. மைசூர் அரசாங்கம் 1916-ல் சோப்புத் தொழிற்சாலை வைத்து, சந்தன சோப்பு நம் வீடுகளில் சுதேசி மணத்தோடு நுழைந்தபோது, சோப்பு மாறிற்றே தவிர நம்பிக்கை மாறவில்லை.

சோப்பினால் இறுகிய தோலுக்கு ஆறுதலாக ஸ்நோ வந்தது. பம்பாயில் பட்டன்வாலா 1919-ல் தொடங்கிய ஆப்கன் ஸ்நோ நீண்ட காலம் நம் நாட்டுப் பெண்களின் கண்ணாடி மேஜையில் கொலுவிருந்தது. பூசினால் மறைந்துவிடும் என்று சொல்லி விற்ற இத்தகைய களிம்புகள் கண்ணுக்குத்தான் மறைந்தன. முகப்பூச்சுகளே துளைகளை அடைத்துக் கரும்புள்ளிகளை வளர்க்கக்கூடும் என்று அமெரிக்காவில் கிளிக்மனும் மில்ஸும் 1972-ல் எழுதினார்கள். பாவம், காலையில் சோப்பினால் தேய்ப்பதும், மாலையில் களிம்பினால் அடைப்பதுமாக ஒரு தலைமுறை தன் மூக்கோடு யுத்தம் நடத்திற்று.

யுத்தம் எதனோடு என்பது அதற்குச் சற்று முன்னர்தான் விளங்கியிருந்தது. முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு; மூக்கு அவற்றின் தலைநகரம். சுரந்த எண்ணெயும் உதிர வேண்டிய தோலின் செதில்களும் ஒட்டிக்கொண்டு துளைவாயில் ஓர் அடைப்பாகி, வாய் திறந்தபடியே நின்றால் அதுதான் கரும்புள்ளி. 1970-ல் பிளேர், லூயிஸ் என்ற இருவர் அந்த அடைப்பின் கறுப்பை ஆராய்ந்து, அது மெலனின் என்று காட்டினார்கள். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற அதே பொருள். தூசியும் அல்ல, புழுவும் அல்ல. கப்பல் தலைவன் கழுவப் புறப்பட்ட கறுப்பும், மூக்கின் மேல் நாம் தேய்த்துத் தேய்த்துச் சலித்த கறுப்பும் ஒரே வஸ்துவாக இருந்தது. 1969-ல் கிளிக்மன் குழுவினர் விவரித்த வைட்டமின் ஏ அமிலக் களிம்பும், வில்லோ மரப்பட்டையின் வழியில் வந்த சாலிசிலிக் அமிலமும் இன்று செய்வது, கறுப்பைக் கழுவுவதல்ல. செதில்கள் ஒட்டாமல் உதிரவிட்டு அடைப்பை இளக்குவதுதான்.

இந்த வெளிச்சத்தில் மோண்டா மார்க்கெட்டுக்குத் திரும்பிப் பார்த்தால், அந்த வியாபாரி கீலுக்கென்று எடுத்துக் கொடுக்கும் முல்தானி மெட்டியின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. பெயர் முல்தானுடையது, சரக்கு இப்போது பெரும்பாலும் ராஜஸ்தானத்துப் பார்மர், பிகானேர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. வெளிறிய மஞ்சளில், கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனமில்லாத கட்டி. தண்ணீர்ச் சொட்டு பட்டவுடன் சுர்ரென்று உறிஞ்சிக்கொண்டு, அடுக்கடுக்காய்ப் பிளந்து, கோடை மழையின் முதல் மணத்தை எழுப்பும். ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கக் கம்பளி நெய்பவர்கள் கைக்கொண்டு வந்த மண்ணின் இனம் அது; நம் வண்ணார் பயன்படுத்திய உவர்மண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது காரம், தோலை அரிக்கும். முல்தானி மெட்டி மேலே மிதக்கும் எண்ணெயை உறிஞ்சும். வேரூன்றிய அடைப்பைப் பிடுங்காது. பாட்டிகள் சொன்னதில் சரியும் உண்டு, மிகையும் உண்டு. எலுமிச்சைச் சாற்றை நேராக மூக்கில் தேய்க்கச் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. யூனானி மரபும் சும்மா இருக்கவில்லை. தோல் நோய்களுக்கென்றே ஒரு தேசிய யூனானி ஆராய்ச்சி நிலையம் இன்று எர்ரகட்டாவில் நடக்கிறது. அதன் கீர்த்தி பெரும்பாலும் வெண்புள்ளிகளுக்கு. கரும்புள்ளிக்காக அங்கே வரிசையில் நிற்பவர் குறைவே.

பிடுங்குவதற்கு எங்கள் வீட்டில் ஒரு சாவி இருந்தது. பாட்டனாரின் தகப்பனார் நிஜாம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவருடைய பழைய பைக் கடிகாரத்துக்குக் குமிழ் கிடையாது, பின்பக்கத்தைத் திறந்து சிறு பித்தளைச் சாவியால்தான் முறுக்க வேண்டும். சாவியின் முனையில் நெற்றுபோன்ற குழாய். குழாயின் நடுவே சதுரத் துளை. புள்ளியின் மேல் துளையை நேராக வைத்து அழுத்தினால் ஆணி எழும்பி உள்ளே வரும். இது எங்கள் குடும்பத்தின் கண்டுபிடிப்பு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கில வைத்தியப் புத்தகங்களே கடிகாரச் சாவியைச் சிபாரிசு செய்ததைப் பின்னால் படித்தேன். பிலடெல்பியாவின் ஷாம்பெர்க் என்ற தோல் வைத்தியர் பெயரால் இன்று வழங்கும் கம்பிக் கருவியும், சாராம்சத்தில் அந்தச் சாவியின் வம்சந்தான். சாவியைக் கொதிநீரில் போட்டெடுத்தபின் பெரியவர்கள்தான் தொடலாம், மூக்கில் பழுத்த பருவின் மேல் வைக்கவே கூடாது என்று பாட்டி விதித்திருந்தாள். மூக்கைச் சுற்றிய இரத்தக் குழாய்கள் மூளையின் அடிவரை போகின்றன, அங்கே கிள்ளி வைக்கும் சீழ் அபாயம் என்று வைத்தியர்கள் சொல்லும் காரணம் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பேத்தி ஒரு காகிதப் பட்டையை மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். 1990களின் பிற்பாதியில் ஜப்பானின் காவோ நிறுவனம் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய பியோரே பட்டையின் ஜாதி அது. காய்ந்ததும் வலியோடு பிய்த்தெடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். பட்டையின் மேல் நாற்று நட்டாற்போல் சின்னஞ்சிறு முளைகள். நாற்பத்து மூன்று என்று எண்ணிச் சொன்னாள். அவற்றில் பாதிக்குமேல் கரும்புள்ளியே அல்ல, துளையில் எப்போதும் இருக்க வேண்டிய எண்ணெய் இழைகள், மாதம் திரும்புமுன் மறுபடி நிறைந்துவிடும் என்று சொன்னேன், கேட்டதாகத் தெரியவில்லை. மாதம் திரும்பிற்று. அலமாரியைத் திறந்துகொண்டு நின்று, "தாத்தா, அந்தச் சாவி எங்கே?" என்றாள். கடிகாரத்தோடு சேர்த்து ரயில்வேக்காரர்களான மாமாவின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். சாவி என் மேஜையிலேதான் இருக்கிறது.