உருளையில் இருக்கிற சண்டை

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் வாசிச்சு வளர்ந்த ஆக்களுக்கு ரிவோல்வர் எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீளக் குழல், சுழலும் உருளை, மரக் கைப்பிடி. டெக்ஸ் அமெரிக்காவின் மேற்கில் குதிரையில் திரிஞ்சாலும், 1948இல் அவரைப் படைச்சது இத்தாலியர்கள். இண்டைக்கு அமெரிக்கர்கள் ஆசையாக வாங்கிச் சேர்க்கிற பழைய பாணி ரிவோல்வர்களிலும் பெரும்பாலானவை இத்தாலியில் செய்யப்பட்டவைதான்.

பிரெஸ்சியாவுக்குக் கிட்ட இருக்கிற கார்டோனே வால் திரொம்பியா, நூற்றாண்டுகளாகத் துவக்குச் செய்யிற ஊர். 1950களின் கடைசியில் வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வியாபாரி, கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவோல்வரைப் போல அங்க செய்விச்சு இறக்கினார். 1961 முதல் 1965 வரை அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் நூற்றாண்டு நினைவு. அந்தக் காலத்துச் சீருடை போட்டு, சண்டைகளைத் திரும்ப நடிச்சுக் காட்டுற ஆக்களுக்கு இந்தத் துவக்குகள் தேவைப்பட்டன. 1968இல் வந்த துவக்குக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இப்படியான கருமருந்து மாதிரிகளுக்கு விலக்குக் கொடுத்தது.

ஆனால் புதுசு புதுசாத்தானே இருக்கும். உலோகம் மினுங்கும். குழலில் இத்தாலியக் கம்பனியின் பெயர், பரிசோதனை முத்திரை, கருமருந்து மட்டும் பாவிக்கவும் என்ற எச்சரிக்கை எல்லாம் கிடக்கும். பொழுதுபோக்கின் முதல் வேலை இதுகளை இல்லாமல் செய்யிறது. எழுத்தை எடுத்து, மினுக்கத்தை மங்கவைச்சு, மரத்தைக் கறுப்பாக்கி, நூறு வருசம் பாவிச்ச மாதிரி ஆக்குகினம். சிலர் கைப்பிடியை மாத்துகினம், சிலர் உலோகத்தில் பூவேலை செய்விக்கினம். இன்னும் சிலர் உலோகத் தோட்டா போடக்கூடிய உருளையைப் பூட்டுகினம்.

இந்தக் கடைசி மாற்றத்துக்கு நிசமாகவே ஒரு வரலாறு இருக்கு. பழைய கோல்ட் ரிவோல்வருக்கு ஒவ்வொரு அறையிலும் முன்பக்கத்தால மருந்தும் குண்டும் இறுக்க வேணும். தோட்டாவைப் பின்னால் போட வசதியாக முழுக்கத் துளைச்ச உருளைக்கு 1855இல் ரொலின் வைட் காப்புரிமை எடுத்தார். அதைப் பாவிக்கிற உரிமை ஸ்மித் அன்ட் வெஸன் கையில் இருந்தது. 1869இல் அது முடிஞ்ச பிறகுதான் கோல்ட் தன்னுடைய பழைய ரிவோல்வர்களைத் தோட்டாவுக்கு மாத்திக் கொடுக்கத் தொடங்கியது. நல்லா இருக்கிற சாமானை எறிய ஆருக்கு மனம் வரும்? அப்ப அது சிக்கனம், இப்ப ரசனை.

செர்ஜியோ லியோனேயின் 'த குட், த பேட் அன்ட் த அக்லி' (1966) இதையெல்லாம் கலந்தடிச்ச படம். கதை நடக்கிறது 1862இல், நாயகனின் ரிவோல்வரோ தோட்டாவுக்கு மாத்தினது. அதே படத்தில் டூக்கோ துவக்குக் கடைக்குள்ள போய், பல ரிவோல்வர்களைக் கழற்றி, பிடிச்ச பாகங்களைப் பொறுக்கித் தனக்கெண்டு ஒண்டு பூட்டுவான்.

சரி, அழிக்கிறதைப் பாத்தம். அழிக்காமல் விடுகிறது என்ன?

1844இல் ரெக்சாஸில், ஜாக் ஹேய்ஸ் தலைமையிலான ரேஞ்சர்கள் கொமாஞ்சி வீரர்களோடு சண்டை பிடிச்சார்கள். ரேஞ்சர்களிடம் ஐந்து வெடி தீர்க்கிற கோல்ட் ரிவோல்வர்கள் இருந்தன. அதுக்கு முந்தி, ஒரு வெடி தீர்த்துவிட்டு அவர்கள் திரும்ப மருந்து இறுக்கிற நேரத்துக்குள்ள ஒரு கொமாஞ்சி வீரன் பல அம்புகளை விடுவான். அந்த அனுகூலம் அண்டைக்குப் போச்சு. அங்க நிண்ட சாமுவேல் வாக்கரின் யோசனைகளோடு 1847இல் வந்த பெரிய ரிவோல்வருக்கு அவருடைய பெயரே வைக்கப்பட்டது. அதன் உருளையைச் சுற்றி அந்தச் சண்டையின் படம். கீறினவர் ஓர்ம்ஸ்பி. நேவியின் உருளையில் இருக்கிற 1843ஆம் ஆண்டுக் கடற்சண்டையும் அவர் கீறினதுதான்.

வாக்கர் மாதிரிகளிலும் அந்தப் படம் அப்படியே பதிக்கப்பட்டு வருகுது. அதில் கொமாஞ்சிகளின் இடம் சுடப்படுகிறவர்களின் இடம். தன்ர நிலத்தில நிண்டு சண்டை பிடிச்ச சனம், விக்கிற சாமானுக்கு அலங்காரமாகிப் போச்சு.

பழசாக்கின ரிவோல்வரைச் சொல்லாமல் கொள்ளாமல் அசல் எண்டு விக்கிறது மோசடி. அதைப் பொழுதுபோக்குக்காரரே ஒத்துக்கொள்ளுவினம். எனக்கு உறுத்துறது வேற. துவக்கை 'உண்மையாக' காட்டுறதுக்கு, அதைச் செய்த ஊரின் பெயரை அரத்தால் ராவி எடுக்கினம். கொமாஞ்சிகளை ஒரு பக்கக் கண்ணால மட்டும் பாத்துக் கீறின படத்தில் ஒரு கோடு குறைஞ்சாலும் மனவருத்தப்படுகினம். அந்தக் காலத்தை இவ்வளவு நுணுக்கமாகத் திருப்பிக் கொண்டுவாற ஆக்கள், உருளையைத் துடைக்கேக்க அதில ஆர் ஆரைச் சுடுகினம் எண்டும் ஒருக்காப் பாக்கலாம்.