டம்டம் குண்டும் சுட்டவன் கதியும்

1995-இல் நேதாஜியின் பெயர் சூட்டிய பிறகும், கல்கத்தா வந்திறங்கும் நம்மவர்கள் "டம்டம்ல இறங்கியாச்சு" என்றுதான் வீட்டுக்குப் போன் பண்ணுகிறார்கள். ஆனால் இந்த ஊர்ப் பெயரை உலக அகராதிகளில் ஏற்றியது விமானமல்ல, ஒரு துப்பாக்கிக் குண்டு.

1888-இல் ஆங்கிலேயப் படைக்கு வந்த லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியின் குழல் .303 அங்குலம்தான். ஈயக் குண்டு, மேலே கெட்டியான உலோக உறை. 1895 சித்ரால் சண்டையில், குண்டு பட்டும் எதிராளி நிற்காமல் ஓடி வருகிறான் என்று சிப்பாய்கள் முறையிட்டார்கள். டம்டம் ஆயுதசாலையில் காப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் மூக்கில் உறையைக் கொஞ்சம் குறைத்து, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடம்பில் பட்டதும் அது விரியும். அந்தக் கொடுமை பலருக்கும் தெரிந்ததே.

அதிகம் பேசப்படாதது சுட்டவனின் ஆபத்து. உறையின் அடிப்பக்கம் ஏற்கெனவே திறப்பு; இப்போது மூக்கும் திறப்பு. வெடிவாயு பின்னாலிருந்து தள்ளும்போது, ஈயம் மட்டும் நழுவிப் பறந்து, உறை குழலுக்குள்ளேயே தங்கிவிடலாம். சத்தம் கேட்டது, குண்டு போனது, சிப்பாய்க்கு என்ன தெரியும் பாவம்? அடுத்த தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் முன்னால் அடைப்பு, பின்னால் அழுத்தம். குழல் உப்பும், இல்லையேல் வெடிக்கும்.

இங்கிலாந்தில் அடியை மூடி, மூக்கில் மட்டும் பள்ளம் வைத்து 'மார்க் 4' செய்தார்கள். 1899-இல் பிஸ்லி சுடும் போட்டியில், வெயிலும் அழுக்கேறிய குழலும் சேர்ந்தபோது அதிலும் ஈயம் உறையை விட்டுக் கழன்றது. போயர் யுத்தத்தில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஹேக் மாநாட்டுத் தீர்மானமே முழுக் காரணம் என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. பிரிட்டன் அதில் சேர்ந்ததே 1907-இல்தானே!

இதே அடைப்பு, வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் 12-போர் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் நேரலாம். போர் எண் கூடினால் தோட்டா மெலியும். 20-போர் தோட்டாவைத் தவறிப் போட்டால் அது உள்ளே நழுவி, குழலில் போய் நின்றுவிடும். பின்னால் பார்த்தால் காலி மாதிரிதான் இருக்கும். அதன்மேல் 12-போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், டம்டம் சிப்பாய்க்கு நேரக்கூடிய அதே கதிதான்; இடது கை இருப்பதோ குழலுக்கு அடியில். அமெரிக்காவில் 20-போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான்.