குழப்படிப் பிள்ளையும் கணக்குக் குளிசையும்

வகுப்பில ஒரு இடத்தில இருக்கமாட்டாத பெடியனுக்கு எங்கட ஊரில 'குழப்படி' எண்டு ஒரே பெயர்தான். அடுத்த கேள்வி நேரா தாயிட்டப் போகும்: "பிள்ளையை என்னெண்டு வளர்த்திருக்கிறாய்?" இன்றைக்கு ஏடிஎச்டி என்று அழைக்கப்படுகிற நிலையின் வரலாற்றை வாசித்தால், பாதி வரலாறு இந்தக் கேள்வியோட மல்லுக்கட்டினதுதான்.

1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். புத்தியில் குறை இல்லாமலே தங்களைக் கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றியது அது. அவர் வைத்த பெயர் 'ஒழுக்கக் கட்டுப்பாட்டுக் குறைபாடு'. பெயரைக் கேட்டாலே பிரம்பு எடுக்கத் தோன்றும்! ஆனால் நல்லா வளர்க்கப்பட்ட பிள்ளைகளிடமும் இது இருக்கிறது என்பதையும் அவர்தான் பதிவு செய்தார்.

அமெரிக்காவின் றோட் ஐலண்டில் நடந்தது இன்னும் சுவாரசியம். எம்மா என்ற பிள்ளைக்கு ஏழு வயதில் மூளை அழற்சி வந்தது. அவளைப் பராமரிக்க ஏற்ற இடமே இல்லாமல் அலைந்த பெற்றோர், அப்படியான பிள்ளைகளுக்காகத் தங்கட சொத்தை எழுதி வைத்தார்கள். அந்தப் பணத்தில் 1931இல் எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லம் திறந்தது. அங்கே வைத்தியராக இருந்தவர் அதே குடும்பத்துச் சார்ள்ஸ் பிராட்லி. அந்தக் காலத்தில மூளையைப் படம் பிடிக்க முள்ளந்தண்டுத் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தாங்கேலாத தலையிடி. அதற்கு பென்சட்ரின் குடுத்துப் பார்த்தார் பிராட்லி. தலையிடி பெரிசாகக் குறையேல்லை. ஆனால் சில பிள்ளைகள் வகுப்பில அமைதியா இருந்து கணக்குச் செய்யத் தொடங்கினார்கள். பிள்ளைகளே அதைக் 'கணக்குக் குளிசை' என்றார்கள். 30 பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேரின் படிப்பு நன்றாக முன்னேறியது என்று 1937இல் எழுதினார். ஊக்க மருந்து எப்படி அமைதி தரும் எண்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

பிறகு பெயர்கள் மாறிக்கொண்டே போயின. 1980இல் அமெரிக்க மனநலக் கையேடு 'கவனக்குறைபாடு' என்றது. இப்போதைய பெயர் 1987இல் வந்தது.

குடும்பம் எங்கே வருகிறது? ஒறிகனில் ஜெரால்ட் பற்றர்சன் வீடுகளுக்கே போய், அடங்காத பிள்ளைகளும் பெற்றோரும் கதைக்கிறதைக் கவனித்தார். தாய் ஒன்றைச் செய்யச் சொல்லுறா, பிள்ளை கத்துது, தாய் களைச்சுப்போய் விட்டுவிடுறா. கத்தினால் தப்பலாம் எண்டு பிள்ளை பழகுது. விட்டுக்குடுத்தால் சத்தம் நிற்கும் எண்டு தாய் பழகுறா. இந்தச் சுழலை உடைக்கத்தான் பெற்றோர் பயிற்சி: ஒரு நேரத்தில ஒரு கட்டளை, அதுவும் சின்னதா, செய்து முடித்த உடனேயே பாராட்டு. 1999இல் வெளிவந்த, 579 பிள்ளைகள் பங்குபற்றிய பெரிய அமெரிக்க ஆய்விலும், மருந்தோடு இந்தப் பயிற்சியும் சோதிக்கப்பட்டது.

இங்கதான் எனக்கொரு பயம். 'பெற்றோருக்குப் பயிற்சி' எண்டதும் பழைய கேள்வி பின்கதவால வந்திடும். நீரிழிவு உள்ள பிள்ளையின் தாய்க்கு ஊசி போடப் பழக்குகிறோம். அதனால வருத்தம் அவவால வந்தது எண்டு ஆரும் சொல்லுறேல்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நிலையில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. பிள்ளையைப் பற்றி வைத்தியர் கேட்கிற கேள்விகளைக் கேட்டு, "இது என்ர சின்ன வயசுக் கதையெல்லோ" எண்டு யோசிக்கிற தகப்பன்மாரும் இருப்பினம். அவைக்கும் பத்து விதியை வாயால சொன்னால் நினைவில நிற்காது. ஒரு தாளில எழுதி, குசினிச் சுவரில ஒட்டி விடவேணும்.